சம்மட்டிக்கு ஏற்ற பிரஷ்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு மாமனார் தன் மருமகளின் முன்பல்லைப் பெயர்த்துவிட்டார் என்றால் கேட்கிறவர்களுக்கு ஆயிரம் காரணம் தோன்றும். இங்கே காரணம் ஒன்றே ஒன்று. அவள் அவருக்கு ஷேவிங் நுரை போட்டாள். அதுவும் எப்படி? கைக்குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோலப் பட்டும் படாமலும். கன்னத்தில் பிரஷ் பட்ட மாத்திரத்தில் பெரியவரின் உடம்பு விறைத்தது, வலது கை வீசியது, பல் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வீட்டில் இத்தனை வருஷம் ஓடியது. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த காலத்தில் அவருக்குச் சம்மட்டி என்று பெயர். பெயர் வைத்தவனுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, பெயர் மட்டும் உடையாமல் நிலைத்துவிட்டது. பெரிய மகன் பதினாறு வயதில், உடைந்த விலா எலும்போடு வீட்டைவிட்டு ஓடினான். சின்னவனுக்கு ஒன்பது வயதில் விழுந்த அறையில் இடது காது போயிற்று. அம்மாக்காரி எந்தக் கதவில் இடித்துக்கொண்டாள், எந்தப் படியில் வழுக்கினாள் என்று அக்கம்பக்கத்துக்குக் கணக்குச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள்.

அந்தச் சின்னவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. கார் பட்டறையில் டிங்கர். நசுங்கிய கதவையும் மட்கார்டையும் தட்டி நிமிர்த்துகிற வேலை. நாள் முழுக்க இரும்பை அடிக்கிறவன், வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு கொசுவைக்கூட ஓங்கி அடிக்க மாட்டான். அடிக்கிற கையை எல்லாம் பட்டறையிலேயே செலவழித்துவிட்டு வருகிறேன் என்று அவனே சொல்வான். கல்யாணத்துக்கு முன் அவளுக்குக் கொடுத்த ஒரே வாக்குறுதியும் அதுதான்: "எங்கப்பா மாதிரி நான் ஆக மாட்டேன்."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டு உள்ளே ஓடினான். அவன் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பல்லைத் தேடி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். மோவாயில் ரத்தம் வழிந்தது. அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கேக்கற காதுல வாங்கிக்கங்க," என்றாள். "இந்த வீட்டுல இனிமே ஒரு அடி விழுந்தா, யாரு மேல விழுந்தாலும் சரி, நானும் பாப்பாவும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். திரும்பக் கூப்பிட வராதீங்க."

"அவருக்கு வலிம்மா. வலியில பண்றாரு."

"தெரியும். எனக்கும் வலிக்குது."

ஏழு வயது மகள் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நானே போடறேன்," என்றான் கடைசியில். "வேற நல்ல பிரஷ்ஷா வாங்கி, நானே போடறேன். ஒரு அடி விழாது."

பெரியவரின் வியாதி வலது கன்னத்து நரம்பில். காரணமே இல்லாமல் கன்னத்துக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல வெட்டி இழுக்கும். வந்தால் அரை நிமிஷம், அந்த அரை நிமிஷத்தில் யானைகூட மண்டியிடும். ஆறு வாரத்தில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். "காத்து பட்டாலே வலி வரும், பாத்துக்கங்க," என்று டாக்டர் சொல்லியிருந்தார். காற்று பட்டதற்கே இந்தப் பாடு என்றால் கை பட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோரும் பயந்து, அவரைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் தொட்டார்கள். வேறு எப்படியாவது தொடலாமா என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் தொடுவதற்கு இரண்டே வகைதான் உண்டு. ஒன்று பூப்போல, இல்லையென்றால் அடி.

ஷேவ் செய்யாமல் விடலாமே என்று கேட்கலாம். விட்டுப் பார்த்தார்கள். மூன்று நாள் தாடி தலையணையில் உரச, அவர் தலையணையைக் கடித்துக் கிழித்தார். வீட்டுக்கு வந்த சலூன்காரருக்கு வயிற்றில் உதை விழுந்தது. அவர் பெட்டியைக்கூட எடுக்காமல் போய், மறுநாள் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். மின்சார ஷேவர் ஒன்று வாங்கினான் சின்னவன், அது இப்போது எட்டுத் துண்டாகப் பரணில் இருக்கிறது. விரலால் நுரை போட்டுப் பார்த்தான், விரலில் பல் பதிந்தது. முதியோர் விடுதியில் சேர்த்தான், இரண்டாம் நாளே ஆயாவின் மூக்கு உடைந்த செய்தியோடு வண்டியில் திருப்பி அனுப்பினார்கள். அண்ணனுக்கு ஃபோன் போட்டான். "செத்தா சொல்லு, வரேன். நிச்சயமாயிட்டுச் சொல்லு," என்றான் அண்ணன்.

வேடிக்கை என்னவென்றால், ரேசர் அவரை ஒன்றும் செய்யாது. அழுத்தி இழுத்தால் கல்லாக உட்கார்ந்திருப்பார். நுரை போடும் இடத்தில்தான் எல்லா வினையும். மற்ற நேரங்களில் வலது முஷ்டியைக் கன்னத்தில் குத்திக்கொண்டு, அதன்மேல் தலையின் பாரம் முழுவதையும் இறக்கி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அடுத்த அடிக்குக் கையைத் தயாராக வைத்திருக்கிறார் என்று சின்னவன் நினைத்துக்கொள்வான். பேசினாலும் வலி வரும் என்பதால் பேச்சு நின்று நாலு மாதம் ஆகிறது. பேசிய காலத்திலும் அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கே அவன் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். ஷேவிங் சாமான்களுக்கென்றே இருக்கும் கடை. கண்ணாடி அலமாரியில் பிரஷ்கள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கின. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கைப்பிடியப் பாத்து மயங்காதீங்க சார். அது சும்மா பொம்மை. முடியப் பாருங்க," என்று நாலு பிரஷ்களை எடுத்து வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டார். "இது நைலான். இது குதிரை முடி. இது பன்னி முடி, கொஞ்சம் முரட்டு ஆசாமி. இது பேட்ஜர், குளிர் நாட்டுல வளை தோண்டி வாழற ஒரு பிராணி. அதோட முதுகு முடி. நுனி மட்டும் வெள்ளையா இருக்கு பாத்தீங்களா?"

ஒவ்வொன்றாக உதறி அவன் உள்ளங்கையில் சுற்றிக் காட்டினார். அழுத்தினால் விரிய வேண்டும், எடுத்தால் நிமிர வேண்டும், இழுத்தால் முடி கையோடு வரக்கூடாது. பிடிக்கு மேலே முடி நீளமாக இருந்தால் தொய்வாக விழும், குட்டையாக இருந்தால் விறைப்பாக நிற்கும். உலோகத்தைத் தடவியே பள்ளம் எங்கே என்று சொல்லிவிடுகிற கை அவனுடையது. அவர் சொன்னதெல்லாம் அந்தக் கைக்கு உடனே புரிந்தது.

"இருக்கறதுலயே மெத்துனு எதுங்க?"

அவர் பேட்ஜரில் நீள முடியாகப் பார்த்து ஒன்றை எடுத்து, நுரை கட்டி, "கன்னத்துல வச்சுப் பாருங்க," என்றார்.

வைத்துப் பார்த்தான். கண் தானாக மூடிக்கொண்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் முகத்தை யாரும் அப்படித் தொட்டதில்லை. அந்தக் கன்னத்துக்குத் தெரிந்ததெல்லாம் அறை, அதற்குப் பிறகு ஐஸ் துணி. கடையின் நடுவில் நின்றுகொண்டு அழுதுவிடுவோமோ என்று பயந்து அவசரமாகத் துடைத்துக்கொண்டான்.

"யாருக்கு சார்?"

"எங்கப்பாவுக்கு."

"கொடுத்து வச்சவரு," என்றார் கடைக்கார அம்மா. அவன் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவிக்கு அதிகாலை ஷிஃப்ட். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் மேற்பார்வை வேலை. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவன் அப்பாவின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தான். வெந்நீர், சோப்பு, புது பிரஷ். நுரை வெண்ணெய்போல வந்தது. அவரும் அந்த நுரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு முஷ்டியைக் கன்னத்திலிருந்து எடுத்து, முகத்தை அவனிடம் நீட்டினார். அப்படி ஒருநாளும் நீட்டியதில்லை.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியை மட்டும் கன்னத்தில் வைத்தான்.

அடுத்து என்ன நடந்தது என்று அவனுக்குக் கோவையாகத் தெரியவில்லை. முழங்கால் வந்து மார்பில் மோதியது. முக்காலியோடு பின்னால் சாய்ந்தான். எழுவதற்குள் கிண்ணம் நெற்றியில் பட்டு வெந்நீர் கண்ணில் வழிந்தது. அவர் தொண்டையிலிருந்து ஒரு ஊளை வந்தது. அரை நிமிஷம் கழித்து எல்லாம் அடங்கி, அவர் மறுபடி முஷ்டியைக் கன்னத்தில் குத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

சின்னவன் தரையைத் துடைத்தான். மனைவி வந்ததும், "பட்டறையில ஒரு அவசர வேலை, போனேன். கார் கதவு பட்டுடுச்சு," என்றான். சொல்லும்போதே, அம்மாவும் கதவைத்தான் சொல்வாள் என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மனைவி அவன் நெற்றியைப் பார்த்தாள். அலமாரியின் மேலிருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டிக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

நுரை தடிப்பாக இருந்ததுதான் தப்பு என்று திங்கட்கிழமை தண்ணீரைக் கூட்டினான், உதட்டில் அடி விழுந்தது. செவ்வாய்க்கிழமை பிரஷ்ஷை இன்னும் மெல்லப் பிடித்தான். இறகைக் கொண்டு தொட்டால்கூட அவ்வளவு மெல்லத் தொட முடியாது. அன்றைக்குத்தான் அடியோடு சேர்த்து நாலு மாதத்தில் முதல் வார்த்தையும் விழுந்தது.

"தடவாதடா!" என்று உறுமினார் சம்மட்டி. "நாயே, தடவாத!"

அவன் காதில் 'நாயே' மட்டும்தான் ஏறியது.

புதன்கிழமை அடி வலது காதில் விழுந்தது. கேட்கிற காது. ரயில் போன பிறகு தண்டவாளத்தில் நிற்கிற ஒரு ரீங்காரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அன்றைக்குப் பட்டறையில் அவன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஜாக்கி சறுக்கியது. எல்லோரும் கத்தியிருக்கிறார்கள், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெயிண்டர்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். வண்டி அவன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தது. அவன் எழுந்து போய், காலையில் வந்திருந்த ஒரு மட்கார்டை எடுத்து வைத்துக்கொண்டு அடித்தான். அரை மணி நேரம் அடித்தான்.

முதலாளி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். காது மெல்லத் திறக்க ஆரம்பித்திருந்ததால் அவர் கத்தியது மட்டும் கேட்டது. "நிமித்தச் சொன்னேன்யா! கொல்லச் சொல்லல!"

வியாழக்கிழமை அவன் அப்பா இருக்கும் அறைப் பக்கமே போகவில்லை. காது முக்கால்வாசி கேட்க ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் மகள் வந்து அவன் மடியில் ஏறி, அவன் வலது காதைத் தன் உள்ளங்கையால் மூடித் திறந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் காதும் போச்சுன்னா நான் உங்கள எப்படிப்பா கூப்பிடறது?"

சமையலறையில் இருந்த மனைவிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அங்கே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. கதவு இடித்ததாகச் சொன்னதெல்லாம் ஒரு நொடியில் பொடிப்பொடியாயிற்று என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் வெளியே வரவில்லை, பையையும் எடுக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்த எண்ணத்தில் அவனுக்கு நன்றி வரவில்லை. வெறிதான் வந்தது. பொண்டாட்டி, பிள்ளை, காது, மூன்றையும் இந்தக் கிழவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பிடுங்கிவிடுவார். நான் மட்டும் வாரம் முழுக்க இறகால் தடவிக்கொண்டிருக்க வேண்டும்!

மகளை இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போனான்.

"வாங்க சார். பிரஷ் எப்படி இருந்துச்சு? அப்பாவுக்குப் பிடிச்சுதா?"

"இருக்கறதுலயே முரடு எதுங்க?"

கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். பிறகு கீழ்த் தட்டிலிருந்து குட்டையாக ஒன்றை எடுத்தார். பன்றி முடி, ஒட்ட வெட்டியது, அடர்த்தியாக விறைத்து நின்றது. "இது பழகணும் சார். ஒரு மாசம் தெனம் போட்டாத்தான் நுனி பிளந்து மெத்துனு ஆகும். அதுவரைக்கும் பத்து நிமிஷம் தண்ணியில ஊற வச்சுத்தான் தொடணும்."

"ஊற வைக்கலன்னா?"

"மூஞ்சி கிழிஞ்சிடும்," என்று சிரித்தார். "அப்பாவுக்கு அவ்வளவு முரட்டுத் தாடியா?"

"ஆமாங்க," என்றான் சின்னவன். "ரொம்ப முரடு."

கட்டை விரலால் அந்த முடியைக் கோதிப் பார்த்தான். துரு தேய்க்கும் கம்பி பிரஷ்ஷுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கைக்கு அடக்கமாக, எடுத்தால் வைக்க மனம் வராத பிரஷ். வாங்கிய சாமான் மனசுக்குப் பிடித்துப்போனால் வருகிற ஒரு திருப்தி உண்டே, அது அவனுக்கு அப்போது வந்தது. வெட்கமில்லாமல் வந்தது.

ரேசரால் ஏதாவது செய்யப் போகிறானோ என்று யாரும் பதற வேண்டாம். அது இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த ரேசர். அதை வைத்துக்கொண்டு ஒருவனைக் கொல்ல நினைத்தால் ஒரு வாரம் லீவு போட வேண்டியிருக்கும். சின்னவனுக்குக் கொல்லும் ஆசையெல்லாம் இல்லை. வலிக்க வேண்டும். அது ஒன்றுதான். தனக்கு வலித்த மாதிரி அவருக்கும் ஒருநாள், ஒரே ஒருநாள் வலிக்க வேண்டும். அடி என்று யாரும் அதைச் சொல்ல முடியாது, ஷேவிங் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி வேலைக்குப் போனதும், பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவன் அப்பாவின் அறைக் கதவைச் சாத்தினான். பட்டறையில் காயலான் வண்டியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்த சீட் பெல்ட் இரண்டு அவனிடம் இருந்தது. அவர் கைகளை நாற்காலியின் கைகளோடு சேர்த்து இறுக்கினான். அவர் முறைத்தார். எழுபத்திரண்டு வயதிலும் அது பழைய பார்வைதான். அதைப் பார்க்காமல் குனிந்து கால்களையும் கட்டினான்.

பிரஷ்ஷை ஊற வைக்கவில்லை. நுனியை ஒருமுறை தண்ணீரில் தோய்த்து, சோப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, நேராக வலது கன்னத்தில் வைத்து, தோள் பலம் முழுவதையும் கொடுத்துத் தேய்த்தான்.

"இது என் காதுக்கு," என்றான். பல்லைக் கடித்ததில் வார்த்தை பாதியாகத்தான் வந்தது. "தெரியுதா? ஒம்பது வயசுடா எனக்கு. ஒம்பது வயசு! தம்ளர் கை தவறிச்சுன்னு அடிச்சியே."

அப்பாவை அவன் அதுவரை நீ என்று சொன்னதில்லை. சொன்னதும் வாய்க்கு ருசி கண்டது. அம்மா விழுந்த படிகளையெல்லாம் சொன்னான், இடித்துக்கொண்ட கதவுகளையெல்லாம் சொன்னான். அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் போன காலையைச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் பிரஷ் மோவாயிலிருந்து காதுவரை போய்த் திரும்பியது. கன்னம் சிவந்தது. மயிர்க்கால்களில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி நுரை ரோஜா நிறமாயிற்று. அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் சின்னவனுக்கு ஒரு சந்தோஷம் பிறந்தது பாருங்கள், அதை எழுதுவதற்கே கை கூசுகிறது. அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினான்.

அப்போது கிழவரின் தலை அவன் பக்கம் சாய்ந்தது. விலகவில்லை, சாய்ந்தது. பிரஷ் போகிற பக்கமெல்லாம் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு, அதன்மேல் தன் பாரத்தை இறக்கினார். தாடை தளர்ந்தது. நாலு மாதமாக நெற்றியில் நின்ற முடிச்சு அவிழ்ந்தது.

"அப்படித்தான்," என்றார். "அழுத்து."

அவன் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதடா. அழுத்துடா, சாமி." குரல் கெஞ்சியது. அந்தக் குரலுக்குக் கெஞ்சத் தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இத்தன நாளா இத எங்கடா வச்சிருந்த? எல்லாரும் தடவித் தடவிக் கொன்னீங்களேடா. தடவுனா குத்துதுடா. அழுத்துனா அடங்குது. சொல்லவும் முடியல, வாயத் தொறந்தா வெட்டுது..."

சின்னவன் பெல்ட்டுகளைப் பார்த்தான். அவை கட்டியது கட்டியபடியே இருந்தன. அவர் ஒருமுறைகூடக் கையை இழுத்திருக்கவில்லை. அவன் சொன்ன காதும் விலாவும் படியும் அவர் செவியில் விழுந்ததா என்றே தெரியவில்லை. வலி அடங்குகிற சுகத்தில் அவர் எதையும் கேட்டிருக்க மாட்டார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை அப்பாவை அடித்தான், அதுவும் அவருக்கு மருந்தாகிப் போயிற்று.

"நல்ல கைடா," என்றார் சம்மட்டி, கண்ணைத் திறக்காமலே. "உங்கண்ணனுக்கு இது வராது. இது எனக்குப் பொறந்த கை."

சின்னவன் எழுந்தான். எழுந்து திரும்பியபோது கதவு திறந்திருந்தது. மனைவி நின்றிருந்தாள். சலவைக் கூடத்தில் பாய்லர் பழுதாகி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வலியே வரலம்மா," என்று அவசரமாகச் சொன்னான். கையில் பிரஷ்ஷிலிருந்து ரோஜா நிற நுரை சொட்டியது. "அழுத்தித் தேய்க்கணுமாம். அவரே சொல்றாரு. கேட்டல்ல? இனிமே கை நீட்ட மாட்டாரு. இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல. ஒரு அடிகூட விழல பாரு."

"விழுந்துச்சு," என்றாள் அவள். பல் போன இடத்தில் காற்றுப் போய்ச் சொல் கொஞ்சம் மழுங்கியது. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க அடிச்சீங்க. அவருக்கு வலிக்கல, அவ்வளவுதான்."

"நான் அவர..."

"சிரிச்சீங்க." அவள் குரல் உடைந்தது. "அவருகூட அடிக்கறப்ப சிரிச்சு நான் பாத்ததில்ல."

அவன் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான். அவள் சட்டென்று ஒரு அடி பின்னால் போனாள், முழங்கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவனைப் பார்த்து அவள் அப்படிக் கையைத் தூக்கியதில்லை. தூக்கிவிட்டோம் என்று தெரிந்ததும் அவளே திகைத்துப் போய், மெல்ல இறக்கினாள்.

அவள் பையில் துணி அடுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பாப்பாவைக் கூப்பிட்ட குரல் கேட்டது. "எங்கம்மா போறோம்?" என்று மகள் கேட்டதும், "பெரியம்மா வீட்டுக்கு," என்று அவள் சொன்னதும் கேட்டது. வலது காது நன்றாகத்தான் இருந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டது. ஓடிப்போய் வாசலில் நிற்கலாம், காலில் விழலாம். ஆனால் முழங்கையைத் தூக்கிய பெண்ணிடம் எந்தக் கையை நீட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெருக்கதவு சாத்திக்கொண்டது.

"டேய்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பயந்த குரல்.

திரும்பினான். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த நுரை தோலை மெல்ல இழுக்க, வலது கண்ணிமை துடிக்க ஆரம்பித்திருந்தது. கட்டிய கையால் முஷ்டியைக் கன்னத்துக்குக் கொண்டுபோக முடியாமல் கிழவர் தோளை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார், எட்டவில்லை.

சின்னவன் முதலில் பெல்ட்டுகளை அவிழ்த்தான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, அவர் கன்னத்தில் வைத்தான். கண்ணீரில் முகம் சரியாகத் தெரியவில்லை. கை தளர்ந்து, மெத்தென்று பட்டது.

"தடவாத," என்று முனகினார் அவர். "அழுத்து."

அவன் அழுத்தினான்.